துருவக் கடலில் கப்பல்களும் திமிங்கிலங்களும்

ஆண்டுத் தேர்வு நெருங்கும் நாளில் தெருக்கோடியில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் நம் வீடுகளில் என்ன நிகழும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. படித்த பாடம் மனத்தில் நிற்பதில்லை. அடுக்களையிலிருந்து அம்மா அழைப்பது கூடத்தில் இருக்கும் நம் காதில் விழுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கும் கத்த வேண்டியிருக்கிறது. ஒரு நாள்தானே என்று நாம் பொறுத்துக்கொள்கிறோம். அந்த ஒலிபெருக்கி மாதக்கணக்கில் நிற்காமல் அலறினால் என்ன செய்வோம்? எழுந்து போக வேறு இடமும் இல்லாவிட்டால் என்ன ஆவோம்?

வடதுருவக் கடலில் வாழும் திமிங்கிலங்கள் இன்று ஏறத்தாழ இந்த நிலையை நோக்கித் தள்ளப்படுகின்றன. அங்கே ஒலிபெருக்கியாக இருப்பவை கப்பல்கள். இது எவ்வாறு நேர்ந்தது, இதனால் விளையும் தீங்கு யாது, இதற்கு மாற்று உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செவியால் வாழும் உயிர்கள்

திமிங்கிலம் மீன் அன்று என்பதை நாம் கீழ் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அது குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுவது. பல வகைத் திமிங்கிலங்கள் கோடையில் மட்டும் துருவக் கடலுக்கு வந்து, இரை தின்று, குளிர் வந்ததும் வெப்பக் கடலுக்குத் திரும்பிவிடும். ஆனால் மூன்று வகைகள் ஆண்டு முழுவதும் வடதுருவப் பகுதியிலேயே வாழ்கின்றன. அவை வில்தலைத் திமிங்கிலம், நார்வால், பெலூகா என்பவை.

வில்தலைத் திமிங்கிலம் பதினெட்டு மீட்டர் வரை வளரும். அதன் பெருந்தலையால் மேலே மூடியிருக்கும் பனிக்கட்டியை முட்டி உடைத்து மூச்சு விடும். நார்வாலின் ஆணுக்கு மேலுதட்டைத் துளைத்துக்கொண்டு திருகிய கோல் போன்ற நீண்ட பல் ஒன்று முன்னோக்கி வளர்ந்திருக்கும். பெலூகா வெண்ணிறமானது. ஓயாமல் பலவகைக் குரல் எழுப்புவதால் பழைய மாலுமிகள் அதனைக் கடலின் கேனரிப் பறவை என்று அழைத்தனர்.

குளிர்காலத்தில் அங்குச் சூரியன் வாரக்கணக்கில் உதிப்பதில்லை. சில இடங்களில் மாதக்கணக்கில் உதிப்பதில்லை. உதித்தாலும் பனிக்கட்டிக்கு அடியில் இருள்தான். அந்த இருளில் கண் என்ன செய்யும்? ஒளி நீருக்குள் நெடுந்தூரம் செல்லாது. ஆனால் ஒலி செல்லும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். கடல்நீரிலோ சுமார் 1,500 மீட்டர். ஆகவே நமக்குக் கண் எப்படியோ, திமிங்கிலத்திற்குச் செவி அப்படி.

நார்வாலும் பெலூகாவும் 'டக் டக்' என்று ஒலித்துடிப்புகளை அனுப்பி, அவை எதிரொலித்து வருவதைக் கொண்டு இரையையும் பனிக்கட்டியில் உள்ள மூச்சுத் துளையையும் அறிகின்றன. வில்தலைத் திமிங்கிலமோ பாடுகிறது. கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் இடையே கடலுக்குள் ஒலிவாங்கியை இறக்கி வைத்துக் கேத் ஸ்டாஃபர்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் கேட்டனர். மூன்று ஆண்டுகளில் 184 வெவ்வேறு பாடல்கள் பதிவாகியிருந்ததாக 2018-இல் அவர்கள் வெளியிட்டனர். நடுக்குளிர் காலத்தில் இரவென்றும் பகலென்றும் இல்லாமல் அவை பாடிக்கொண்டிருந்தனவாம்.

பனிக்கட்டி என்னும் அரண்

இவ்வுயிர்களுக்கு மனிதனால் வந்த முதல் துன்பம் ஈட்டி. 1611-ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியக் கப்பல்கள் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குச் சென்று, விளக்கெரிக்கும் எண்ணெய்க்காக வில்தலைத் திமிங்கிலங்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. 1848-இல் அமெரிக்கக் கப்பல் ஒன்று பெரிங் நீரிணையைக் கடந்து சென்றபின் அப்பக்கத்திலும் வேட்டை தொடங்கிற்று. ஆயினும் வேட்டைக் கப்பலால் பனிக்கட்டிக்குள் நுழைய இயலவில்லை. பனிக்கட்டியே அவற்றுக்கு அரணாக நின்றது.

அந்த அரண் எத்துணை வலிமை வாய்ந்தது என்பதை வரலாறு கூறும். கனடாவின் வடக்கே அமைந்த தீவுகளுக்கு இடையே ஆசியாவுக்கு வழி தேடி 1845-இல் புறப்பட்ட சர் ஜான் பிராங்க்ளினின் இரு கப்பல்களும் பனியில் சிக்கின. சென்றவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவ்வழியை முதன்முதலில் கப்பலில் கடந்தவர் நார்வே நாட்டு ரோல்டு அமுண்ட்சென்; அதற்கு அவருக்கு 1903 முதல் 1906 வரை ஆயிற்று.

இன்று அவ்வரண் உருகி வருகிறது. செயற்கைக்கோள்களைக் கொண்டு 1979 முதல் கடற்பனியை அளந்து வருகின்றனர். கோடை முடிவில் எஞ்சும் பனியின் பரப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. அளக்கத் தொடங்கிய நாள் முதல் அதுவே மிகக் குறைந்த அளவு. அமுண்ட்சென் மூன்று ஆண்டுகளில் கடந்த அதே வழியை, 2016-இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிய உல்லாசக் கப்பல் ஒன்று ஒரு மாதத்திற்குள் கடந்தது.

வடதுருவ நாடுகளின் கூட்டமைப்பு கணக்கெடுத்ததில், 2013-இல் துருவக் கடற்பகுதிக்குள் வந்த கப்பல்கள் 1,298. 2023-இல் அவை 1,782 ஆயின. இவற்றுள் மீன்பிடிக் கப்பல்களும் உண்டு. இரும்புத்தாது, இயற்கை எரிவாயு ஆகியவற்றை ஏற்றிச் செல்பவையும் உண்டு. வடக்கே வாழும் மக்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரிசி, மாவு, எரிபொருள் கொண்டுபோகும் கப்பல்களும் உண்டு. ஆகவே கப்பலே கூடாது என்று சொல்லிவிட முடியாது.

ஓசை பிறக்கும் விதம்

கப்பலின் ஓசை எஞ்சினிலிருந்து மட்டும் வருகிறது என்று நாம் எண்ணலாம். பெரும்பகுதி வருவது கப்பலின் பின்புறம் நீருக்குள் சுழலும் விசிறியிலிருந்து. அது விரைந்து சுழலும்போது அதன் இதழ்களின் மேல் அழுத்தம் குறைந்து, நீர் ஆவியாகிச் சிறுசிறு குமிழிகள் தோன்றும். அவை உடனே நசுங்கி உடையும். உலை வைத்த பானையில் நீர் கொதிப்பதற்குச் சற்று முன் ஓர் இரைச்சல் எழுமே, அதுவும் குமிழிகள் நசுங்குவதால் எழுவதே. ஒரு பானைக்கு அவ்வளவு இரைச்சல் என்றால், பல மீட்டர் குறுக்களவுள்ள விசிறிக்கு எவ்வளவு இருக்கும்!

பனி உடைப்புக் கப்பலின் ஓசை இன்னும் பெரிது. அது பனிக்கட்டியில் மோதும். உடையாவிட்டால் பின்வாங்கி மீண்டும் முழு விசையோடு மோதும். ஒவ்வொரு முறையும் விசிறி பேரிரைச்சலிடும்.

இதில் துருவக் கடலுக்கே உரிய ஓர் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. வெப்பக் கடல்களில் ஒலி நெடுந்தூரம் செல்லும் அடுக்கு ஆழத்தில் இருக்கும். துருவக் கடலிலோ மேல்நீர் மிகக் குளிர்ந்திருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து, மேற்பரப்பை ஒட்டியே ஓடுகிறது. திமிங்கிலங்கள் மூச்சு விடவும் பாடவும் குட்டியைப் பேணவும் இருக்கும் இடம் அதுவே.

ஆராய்ச்சி கூறுவது

கப்பலின் தாழ்ந்த சுருதி ஓசை திமிங்கிலங்களின் குரலை விழுங்கிவிடும் என்று 1971-லேயே ரோஜர் பெய்ன், டக்ளஸ் வெப் என்னும் இரு அறிஞர்கள் எச்சரித்தனர். கப்பல்கள் இல்லாத காலத்தில் பெருங்கடலின் குறுக்கே கேட்டிருக்கக்கூடிய குரல், இன்று அதன் ஒரு சிறு பகுதித் தொலைவுக்கே கேட்கும் என்பது அவர்களின் கணக்கு.

1982 முதல் 1984 வரை கனடாவின் லங்காஸ்டர் நீரிணையில் பனி உடைப்புக் கப்பல்கள் வரும்போது பெலூகாக்களும் நார்வால்களும் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தனர். கப்பல் 35 முதல் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே அவை கலங்கின. பெலூகாக்கள் எச்சரிக்கைக் குரல் எழுப்பிக்கொண்டு 80 கிலோமீட்டர் வரை ஓடின. நார்வால்கள் ஓடவில்லை. ஒன்றோடொன்று நெருங்கி, குரலை அடக்கி, அசையாமல் கிடந்தன. பேரச்சத்தில் சிலர் அலறுவதும் சிலர் வாயடைத்து நிற்பதும் நம்மிடையேயும் உண்டன்றோ?

நார்வால் இரையை நெருங்கும்போது அதன் ஒலித்துடிப்புகள் விரைந்து, வண்டின் ரீங்காரம் போல் ஆகிவிடும். அந்த ரீங்காரத்தை எண்ணினால் அது எத்தனை முறை இரை பிடிக்க முயன்றது என்று அறியலாம். கிழக்குக் கிரீன்லாந்தில் அவுட்டி டெர்வோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஆறு நார்வால்களின் மேல் சிறு கருவிகளைப் பொருத்திப் பார்த்தனர். கப்பலின் இரைச்சலும், கடலடியை ஆராயப் பயன்படும் வெடியோசையும் சேர்ந்து ஒலித்தபோது, 12 கிலோமீட்டர் தொலைவிலேயே ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் வந்தபோது அவை இரை தேடுவதையே நிறுத்திவிட்டன. நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் அதன் தாக்கம் தெரிந்தது. இம்முடிவுகள் 2021-இல் வெளியாயின.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி தாயையும் சேயையும் பற்றியது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில் பெலூகாக் கூட்டம் ஒன்று வாழ்கிறது. பிறந்த குட்டியின் குரல் மிக மெல்லியது. அமைதியான நீரில் ஏறத்தாழ 360 மீட்டர் வரை தாய்க்குக் கேட்கும் அக்குரல், கப்பலின் இரைச்சலில் ஏறத்தாழ 170 மீட்டருக்கு மேல் கேட்காது என்று வலேரியா வெர்கரா என்ற ஆராய்ச்சியாளரின் குழு கண்டது. கலங்கிய நீரிலும் இருளிலும் தாயை விட்டு விலகிய குட்டிக்கு இந்தத் தொலைவு உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி.

அமைதி திரும்பிய நாள்

ஓசையால் திமிங்கிலம் உள்ளுக்குள் வருந்துகிறது என்று எப்படித் தெரியும்? அது வாய் திறந்து சொல்லுமா? இதற்கு விடை, யாரும் விரும்பாத ஒரு துயர நிகழ்ச்சியின் வழியாகக் கிடைத்தது. அது நடந்தது துருவக் கடலில் அன்று, அதற்குத் தெற்கே உள்ள பண்டி வளைகுடாவில். வில்தலைத் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவினமான வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் கோடையில் அங்கே கூடும். ரோஸலிண்ட் ரோலண்ட் என்பவர் அங்கே திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்து ஆராய்ந்து வந்தார். கடலில் மிதக்கும் சாணத்தை மோப்பம் பிடிக்க நாய்களையும் பழக்கினார்கள் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் உடல் கலங்கும்போது சுரக்கும் சுரப்புநீரின் அளவைச் சாணத்தில் காண முடியும்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் நடந்த தாக்குதலையடுத்துக் கப்பல் போக்குவரத்து சில நாட்கள் பெரிதும் குறைந்தது. வளைகுடாவில் ஓசை 6 டெசிபல் தணிந்தது. அதாவது ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிற்று. அந்நாட்களில் எடுத்த சாணத்தில் அச்சுரப்புநீரும் குறைந்திருந்தது. மற்ற ஆண்டுகளில் அதே பருவத்தில் அவ்வாறு குறையவில்லை. 2012-இல் இம்முடிவுகள் வெளியானபோதுதான், கப்பலின் ஓசை திமிங்கிலத்தை நாள்தோறும் வாட்டுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைத்தது.

மேலே கூறிய ஸ்டாஃபர்ட், டெர்வோ, வெர்கரா, ரோலண்ட் ஆகிய நால்வரும் பெண்கள் என்பதை நம் மாணவியர் கருத்திற்கொள்வது நல்லது.

மோதலும் எண்ணெயும்

ஓசையைத் தவிர வேறு இடர்களும் உண்டு. வில்தலைத் திமிங்கிலம் மெல்ல நீந்துவது. மேற்பரப்பில் நெடுநேரம் கிடப்பது. அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள் உணவுக்காகப் பிடித்த திமிங்கிலங்களை ஆராய்ந்ததில், நூற்றில் ஏறத்தாழ இரண்டின் உடலில் கப்பல் விசிறி வெட்டிய தழும்பு இருந்தது. தழும்போடு பிழைத்தவை அவை. பிழைக்காதவற்றை யார் எண்ணுவார்?

இதில் வேகமே முக்கியம். பெருந்திமிங்கிலங்களின் மேல் மோதிய கப்பல்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வின்படி, மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் திமிங்கிலம் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பது. 16 கிலோமீட்டர் வேகமானால் நூற்றுக்கு இருபதே.

கப்பல்கள் எரிக்கும் கனமான கசட்டு எண்ணெய் குளிர்ந்த கடலில் கொட்டினால் எளிதில் நீங்காது. ஆகவே தென்துருவக் கடலில் 2011 முதல் அது தடை செய்யப்பட்டது. வடதுருவக் கடலில் 2024 ஜூலை முதல் தடை வந்தது. ஆயினும் பல கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு உண்டு.

ஓர் ஊரின் வழக்கு

கனடாவின் பாஃபின் தீவில் பாண்ட் இன்லெட் என்ற சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் இனுயிட் மக்கள். ஆரஞ்சும் எலுமிச்சையும் விளையாத அந்நாட்டில் நார்வாலின் தோலே அவர்களுக்கு வைட்டமின் 'சி' தரும் உணவு. உலகின் நார்வால்களில் பெரும்பாலானவை கோடையில் கூடுவது அப்பகுதி நீரில்தான்.

அவ்வூருக்குத் தெற்கே இரும்புச் சுரங்கம் ஒன்று திறக்கப்பட்டு, 2015 முதல் தாதுக் கப்பல்கள் அந்நீரின் வழியே செல்லத் தொடங்கின. முன்போல் நார்வால்கள் வருவதில்லை என்று வேட்டைக்காரர்கள் கூறினர். விமானத்திலிருந்து எடுத்த கணக்குகளும் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் காட்டின. சுரங்கம் கப்பல்களின் வேகத்திற்கு வரம்பு வைத்தது. ஆயினும் ஏற்றுமதியை ஆண்டுக்கு 60 இலட்சம் டன்னிலிருந்து 120 இலட்சம் டன்னாக உயர்த்த அனுமதி கேட்டது. அவ்வூர் மக்களிலும் சுரங்க வேலையை நம்பி வாழ்வோர் உண்டு. ஆகவே முடிவு எளிதாக இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. கடைசியில் 2022 நவம்பரில் கனடிய அரசு அத்திட்டத்தை மறுத்தது. கடலைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் சொல்லுக்கு அன்று மதிப்புக் கிடைத்தது.

தென்துருவத்தில்

தென்துருவக் கடலின் கதை வேறு. அங்கே ஆண்டு முழுவதும் செல்லும் சரக்குப் பாதைகள் இல்லை. ஆனால் 2023-24 பருவத்தில் மட்டும் ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் சுற்றுலா சென்றனர். கூனல் திமிங்கிலங்கள் கிரில் என்னும் சிற்றிறாலைத் தின்னக் கூடும் அதே வளைகுடாக்களுக்குத்தான் கப்பல்களும் செல்கின்றன. அவற்றை நடத்துவோரின் சங்கம், திமிங்கிலங்கள் மிகுந்த பகுதிகளில் வேகத்தைக் குறைப்பதற்கு விதி வகுத்துள்ளது.

மாற்று என்ன?

உலகக் கப்பற் போக்குவரத்தை நெறிப்படுத்தும் ஐக்கிய நாடுகளின் அமைப்பு, துருவக் கடல்களுக்கென ஒரு சட்டத்தொகுப்பை 2017 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. திமிங்கிலங்கள் கூடும் இடங்களையும் அவை செல்லும் பாதைகளையும் அறிந்து பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்று அது கூறுகிறது. ஏறத்தாழ 85 கிலோமீட்டர் அகலமே உள்ள பெரிங் நீரிணையில் கப்பல்கள் செல்ல வேண்டிய பாதையும் விலக வேண்டிய இடங்களும் 2018-இல் வரையறுக்கப்பட்டன. நீருக்கடியில் எழும் ஓசையைக் குறைப்பதற்கான நெறிகள் 2014-இல் வந்து, 2023-இல் திருத்தப்பட்டன. ஆனால் அவை அறிவுரையே, கட்டாயமில்லை. குறை இருப்பது இங்குத்தான்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் உருவாக்கிய மிதவைக் கருவித் தொகுதி ஒன்று 2014-இல் ஸ்வால்பார்டின் கடற்கழியில் இறக்கப்பட்டது. அவர்கள் அங்கே நீருக்கடியில் எழும் ஓசைகளைப் பதிந்து, பனிப்பாறைகள் வெடிக்கும் ஒலியைப் பிரித்தறிந்தனர். கடலின் இயற்கை ஓசை இன்னது என்று அறிந்தால்தான், மனிதன் சேர்த்த ஓசை எவ்வளவு என்று கூற முடியும்.

மேலே சொன்ன செய்திகளிலிருந்து நாம் தெளிவது ஒன்று. கடலில் எண்ணெய் கொட்டினால் ஆண்டுக்கணக்கில் நீங்காது. உருகிய பனியை ஒரே நாளில் உறைய வைக்கவும் இயலாது. ஆனால் ஓசை அப்படியன்று. விசிறியின் வேகம் குறைந்த கணமே ஓசையும் குறைகிறது. எச்சம் எதுவும் இருப்பதில்லை. 2001-இல் சில நாள் அமைதிக்கே திமிங்கிலத்தின் உடல் ஆறுதலடைந்தது. மெல்லச் செல்வதும் சற்று விலகிச் செல்வதும் மனிதனால் இன்றே செய்யக்கூடியவை.

2007-ஆம் ஆண்டு அலாஸ்காவில் பிடிபட்ட ஒரு வில்தலைத் திமிங்கிலத்தின் உடலில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட வெடி ஈட்டியின் துண்டு புதைந்திருந்தது. நூறாண்டுக்கு மேலாக அது அதனைச் சுமந்து திரிந்திருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு மேலும் இவை வாழ்வதுண்டு. அப்படியானால், கடலில் கப்பல் விசிறி ஒன்றுகூடச் சுழலாத காலத்தில் பிறந்த திமிங்கிலம் ஒன்று இன்றும் அந்தப் பனிக்கு அடியில் பாடிக்கொண்டிருக்கக்கூடும். ஈட்டிக்குத் தப்பிய அதன் குரலை இரைச்சலில் மூழ்கடிப்பது முறையாகுமா?

படிப்பு மண்டபத்தில் மெல்ல நட, மெல்லப் பேசு என்று நமக்கு நாள்தோறும் கற்பிக்கப்படுகிறது. அருகிலிருப்பவர் தம் வேலையைச் செய்ய இடம் விடுவதே அதன் பொருள். நம் பள்ளியிலிருந்து நாளை கப்பல் கட்டும் பொறியியலாளரோ, கடலை ஆராயும் அறிஞரோ, சட்டம் வகுப்பவரோ தோன்றுவாரானால், அவர் இப்பாடத்தைக் கடலுக்கும் எடுத்துச் செல்வாராக!